ஒரே கம்ப்யூட்டர், ரெண்டு மானிட்டர்: லினக்ஸில் ஒரே டெஸ்க்டாப்பாக மாற்றுவது எப்படி? வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

சென்னை புறநகரான திருமுடிவாக்கத்தில் உள்ள சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இயங்கும் ஒரு சின்ன சிஎன்சி பட்டறையை நினைத்துக்கொள்வோம். ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர். கஸ்டமர் மெயிலில் அனுப்பிய டிராயிங் ஒரு விண்டோவில் இருக்கிறது. புரோகிராம் இன்னொரு விண்டோவில். இடையில் விலைப்புள்ளி அனுப்ப எக்ஸெல் மாதிரி ஒரு ஷீட்.

டிராயிங்கைப் பார்த்து அளவை மனதில் வைத்துக்கொண்டு, விண்டோவை மாற்றி, டைப் பண்ணணும். மறுபடி மாற்றி, சரிபார்க்கணும். 24.05 என்று இருப்பதை 24.50 என்று அடித்துவிட்டால் அந்த ஜாப் ஸ்கிராப். போன மெட்டீரியல் போனதுதான்.

பக்கத்தில் இன்னொரு மானிட்டரை வைத்து, இடது பக்கம் டிராயிங், வலது பக்கம் புரோகிராம் என்று வைத்துக்கொண்டால் இந்த மாற்றி மாற்றிப் பார்க்கும் வேலையே இல்லை. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கும் இது சாத்தியமா? சாத்தியம்தான். லினக்ஸில் செட்டிங் மாற்றுவது சில நிமிட வேலை. பணம் வீணாவது பெரும்பாலும் அதற்கு முன்னால், கடையில் தப்பான கேபிளும் தப்பான பெட்டியும் வாங்கும்போதுதான்.

எதை முதலில் பார்க்கணும், எப்படி அமைக்கணும், திரை வரவில்லை என்றால் என்ன செய்யணும்? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் நிறுத்திவிட்டது. தனிநபர் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்கள் ஏராளம். மெஷின் நன்றாகவே ஓடுகிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை என்கிறவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள்.

லினக்ஸ் இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. திருமுடிவாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-ல் மத்திய அரசு தொடங்கியபோது, அதை நடத்தியவை இந்த மையமும் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனமும்தான். அந்த முயற்சியில் உருவானதுதான் 'பாஸ்' லினக்ஸ். 2007-ல் வெளிவந்த இது, தமிழ் உள்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தக்கூடியது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்து இதையும் போட்டுக் கொடுத்தார்கள்.

'ஒரே டெஸ்க்டாப்' என்றால் என்ன?

ஒரு கம்ப்யூட்டரில் ரெண்டு மானிட்டரை மாட்டினால் மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். இதில் எது வேணும் என்பதில் தெளிவு இல்லாவிட்டால் அடுத்த எல்லா முடிவும் தப்பாகப் போகும்.

முதலாவது, நகல். ரெண்டு திரையிலும் ஒரே படம் தெரியும். கூட்டத்தில் புரொஜெக்டரில் காட்ட இது சரி. வேலை செய்ய இடம் கூடாது.

இரண்டாவது, நீட்டிப்பு. ரெண்டு திரையும் சேர்ந்து ஒரே பெரிய மேசை போல ஆகிவிடும். ஒரு திரையின் விளிம்பில் மவுஸைத் தள்ளினால் அடுத்த திரைக்குப் போய்விடும். விண்டோவையும் அப்படியே இழுத்துக்கொண்டு போகலாம். 'ஒரே டெஸ்க்டாப்' என்று சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, தனித்தனித் திரைகள். மவுஸ் மட்டும் ரெண்டுக்கும் போகும், விண்டோவை இழுத்துப் போக முடியாது. லினக்ஸின் பழைய காலத்தில் இதுதான் வழக்கமாக இருந்தது.

லினக்ஸில் திரையைக் கவனித்துக்கொள்ளும் எக்ஸ் விண்டோ என்ற அமைப்பு 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கியது. பல திரைகளை ஒன்றாக இணைக்கும் வசதி அதில் 1990-களின் கடைசியில் வந்தது. அதற்கு வைத்த பெயர் 'ஸினராமா'. மூன்று புரொஜெக்டர்களை வைத்து ஒரே அகலத் திரையில் படம் காட்டிய 1950-களின் 'சினிராமா' சினிமா முறையைப் பார்த்து வைத்த பெயர் இது.

ஆனால் ஸினராமா காலத்தில் புது மானிட்டரை மாட்டினால் அமைப்புக் கோப்பைக் கையால் எழுதி, டெஸ்க்டாப்பையே மறுபடி தொடங்கணும். ஒரு எழுத்து தப்பினால் கறுப்புத் திரைதான். 2007-ல் வந்த 'எக்ஸ்-ராண்டர்' வசதியின் புதிய பதிப்புதான் கேபிளை மாட்டியதும் திரையைச் சேர்த்துக்கொள்ளும் வழியைத் திறந்தது. 'லினக்ஸில் ரெண்டு மானிட்டர் என்றால் தலைவலி' என்று இன்றும் சிலர் சொல்வது அந்தப் பழைய நினைவில்தான்.

வாங்கும் முன்: கம்ப்யூட்டரின் பின்பக்கம் பாருங்கள்

மானிட்டர் வாங்கக் கிளம்பும் முன் சிபியு பெட்டியின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடையில் அதைக் காட்டினால் பாதிக் குழப்பம் தீரும்.

பார்க்க வேண்டியது மூன்று விஷயம்.

ஒன்று, எத்தனை டிஸ்ப்ளே போர்ட் இருக்கிறது? நீல நிறத்தில் 15 ஓட்டையுடன் இருப்பது விஜிஏ. வெள்ளை நிறத்தில் அகலமாக இருப்பது பெரும்பாலும் டிவிஐ. லேப்டாப்பிலும் டிவியிலும் பார்க்கிற தட்டையான போர்ட் எச்டிஎம்ஐ. அதே மாதிரி இருந்து ஒரு மூலை மட்டும் வெட்டியிருந்தால் அது டிஸ்ப்ளேபோர்ட்.

இரண்டு, அந்த போர்ட்டுகளில் எத்தனை ஒரே நேரத்தில் வேலை செய்யும்? இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பின்னால் மூன்று போர்ட் இருந்தாலே மூன்று மானிட்டர் ஓடும் என்று அர்த்தம் இல்லை. இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசசரில், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால், ஒரே நேரத்தில் அதிகபட்சம் ரெண்டு திரைதான். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்துதான் மூன்று திரை வசதி வந்தது. அதிலும் மதர்போர்டைப் பொறுத்துக் கட்டுப்பாடு உண்டு. ஐ5-க்குப் பிறகு வரும் எண் 2400 என்று இருந்தால் இரண்டாம் தலைமுறை, 3470 என்று இருந்தால் மூன்றாம் தலைமுறை. நான்கு இலக்கத்தில் முதல் எண்தான் கணக்கு.

மூன்று, தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா? இருந்தால் ரெண்டு மானிட்டரையும் அந்தக் கார்டிலேயே மாட்டணும். ஒன்றைக் கார்டிலும் இன்னொன்றை மதர்போர்டிலும் மாட்டிவிட்டு 'ஒண்ணு வரல' என்று தேடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கார்டு இருந்தால் மதர்போர்டின் டிஸ்ப்ளே போர்ட்டைப் பல கம்ப்யூட்டர்கள் தானாகவே அணைத்துவிடும். பயாஸ் செட்டிங்கில் அதை மறுபடி இயக்கும் வசதி சில மதர்போர்டுகளில் மட்டும் இருக்கும்.

ஸ்பிளிட்டர் வாங்கினால் வேலைக்கு ஆகுமா?

ஆகாது. ரிச்சி தெருவில் ஆகட்டும், ஆன்லைனில் ஆகட்டும், 'ஒரு எச்டிஎம்ஐயை ரெண்டாக்கும்' ஸ்பிளிட்டர் எளிதாகக் கிடைக்கும். விலையும் குறைவு. ஆனால் அது வரும் படத்தை அப்படியே நகல் எடுத்து ரெண்டு பக்கமும் அனுப்பும், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அங்கே ஒரு மானிட்டர் இருப்பதாகத்தான் தெரியும். லினக்ஸில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது ரெண்டு தனித் திரையாக ஆகாது. விண்டோஸிலும் அதே கதைதான்.

கேபிள் மாற்றும் அடாப்டர்களில் திசை முக்கியம். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ வேறு, விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐ வேறு. தலைகீழாக மாட்டினால் வேலை செய்யாது. கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் சாதாரண அடாப்டர் பெரும்பாலும் போதும். கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் மின்சாரம் எடுத்து இயங்கும் கன்வெர்ட்டர் வேணும். கடையில் 'கம்ப்யூட்டர்ல இது, மானிட்டர்ல அது' என்று ரெண்டு முனையையும் சொல்லிக் கேட்பதுதான் பாதுகாப்பு.

லேப்டாப்பில் யுஎஸ்பி-சி போர்ட் இருந்தால் அதிலிருந்தும் மானிட்டர் எடுக்கலாம். ஆனால் எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டிலும் படம் வராது. சில போர்ட் சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். போர்ட் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கணும். சின்னம் இல்லாவிட்டால் அந்த மாடலின் விவரப் பட்டியலைப் பார்க்கணும்.

டிஸ்ப்ளே போர்ட் எதுவுமே மிச்சம் இல்லாவிட்டால் கடைசி வழி, சாதாரண யுஎஸ்பி போர்ட்டில் மாட்டும் 'டிஸ்ப்ளேலிங்க்' வகை அடாப்டர். இதற்கு லினக்ஸில் தனியாக டிரைவர் போடணும். உபுண்டுவுக்கு அந்த நிறுவனமே டிரைவர் தருகிறது. ஆனால் கெர்னல் அப்டேட் ஆகும்போது சில சமயம் டிரைவர் தகராறு செய்யும். டிராயிங்கும் மெயிலும் பார்க்க இது போதும். முப்பரிமாண மாடலைச் சுழற்றிப் பார்ப்பதற்கு ஏற்றதல்ல.

எந்த மானிட்டர் வாங்கலாம்?

ஏற்கெனவே இருக்கும் மானிட்டரின் அதே அளவு, அதே ரெசல்யூஷன் உள்ளதாக வாங்கினால் சிக்கல் குறைவு. 1920-க்கு 1080 திரைகள் ரெண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 3840-க்கு 1080 அளவுள்ள ஒரே டெஸ்க்டாப் கிடைக்கும். மூன்று வைத்தால் 5760-க்கு 1080.

ஒன்று 4கே, இன்னொன்று சாதாரண எச்டி என்று கலந்தால் ஒரு திரையில் எழுத்து எறும்பு மாதிரியும், இன்னொன்றில் பெரிதாகவும் தெரியும். சரிசெய்ய வழி உண்டு. ஆனால் அது எந்த லினக்ஸ், எந்த டெஸ்க்டாப் என்பதைப் பொறுத்தது.

வீட்டில் இருக்கும் டிவியையே இரண்டாவது மானிட்டராகப் பயன்படுத்த முடியுமா என்றால், தாராளமாக முடியும். ரெண்டு விஷயம் கவனிக்கணும். கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐ பழைய 1.4 பதிப்பாக இருந்தால் 4கே டிவியில் நொடிக்கு 30 முறைதான் படம் மாறும், மவுஸ் இழுபடுவது போல இருக்கும். அப்போது ரெசல்யூஷனை 1920-க்கு 1080 என்று குறைத்து 60-க்கு மாற்றினால் சரியாகிவிடும். அடுத்து, டெஸ்க்டாப்பின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது லினக்ஸின் குற்றம் இல்லை. டிவி மெனுவில் படத்தின் அளவை 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று மாற்றணும்.

முதலில் பென் டிரைவில் சோதித்துப் பாருங்கள்

லினக்ஸுக்கு இன்னும் மாறாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டையுமே இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கில் இருப்பது எதுவும் மாறாது.

பக்கத்துக் கடையிலோ நண்பரிடமோ ஒரு மானிட்டரைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி மாட்டி, இப்படி ஓட்டிப் பார்க்கணும். ரெண்டு திரையும் வந்தால் கம்ப்யூட்டரும் கேபிளும் சரி. அப்புறம் பணம் போட்டு வாங்கலாம்.

அமைப்பது எப்படி? படிப்படியாக

படி 1: கம்ப்யூட்டர் ஓடும்போதே எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டலாம். விஜிஏ என்றால் அணைத்துவிட்டு மாட்டி, ஸ்க்ரூவைத் திருகிவிடுவது நல்லது. மானிட்டரின் பட்டனில் சரியான இன்புட்டைத் தேர்வு செய்யணும். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்க, மானிட்டர் விஜிஏவைப் பார்த்துக்கொண்டிருந்தால் 'நோ சிக்னல்' என்றுதான் வரும்.

படி 2: விண்டோஸ் சின்னம் உள்ள கீயை லினக்ஸில் 'சூப்பர்' கீ என்பார்கள். அதை அழுத்திக்கொண்டு 'பி' கீயைத் தட்டினால் நகல், நீட்டிப்பு, ஒரு திரை மட்டும் என்று தேர்வுகள் வரும். அவசரத்துக்கு இதுவே போதும்.

படி 3: முறையாக அமைக்க, உபுண்டுவில் 'செட்டிங்ஸ்' போய் 'டிஸ்ப்ளேஸ்' திறக்கணும். அங்கே 'ஜாயின்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரே டெஸ்க்டாப், 'மிரர்' என்றால் நகல். லினக்ஸ் மின்ட்டில் இது 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் இருக்கும். கேடிஇ டெஸ்க்டாப்பில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' உள்ளே இருக்கும்.

படி 4: 1, 2 என்று எண் போட்ட பெட்டிகள் தெரியும். மேசையில் மானிட்டர்கள் எப்படி இருக்கிறதோ அப்படியே இந்தப் பெட்டிகளை இழுத்து வைக்கணும். இரண்டாவது மானிட்டர் இடது பக்கம் இருக்க, திரையில் அது வலது பக்கம் என்று இருந்தால் மவுஸ் எதிர்ப்பக்கமாகப் போகும்.

படி 5: பெட்டிகளின் மேல்விளிம்பு அல்லது கீழ்விளிம்பைச் சமமாக்கணும். ஒன்று மேலே ஏறி நின்றால் மவுஸ் சில இடத்தில் கடக்கும், சில இடத்தில் சுவரில் முட்டியது போல நிற்கும். மானிட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். காரணம் இதுதான்.

படி 6: எது முதன்மைத் திரை என்று சொல்லணும். உள்ளே வரும் அறிவிப்புகளும் மேல்பட்டையும் அங்கேதான் தெரியும். நேர் எதிரே இருக்கும் மானிட்டரை முதன்மையாக வைப்பது வசதி.

படி 7: 'அப்ளை' கொடுத்ததும் 'இப்படியே வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கும். சில நொடிகளுக்குள் 'ஆம்' என்று சொல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். திரை கறுப்பாகிவிட்டாலும் பயப்படாமல் காத்திருந்தால் போதும், தானாகவே திரும்பி வந்துவிடும்.

இதற்குப் பிறகு சூப்பர், ஷிஃப்ட் ரெண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறி கீயைத் தட்டினால் திறந்திருக்கும் விண்டோ அடுத்த திரைக்குத் தாவும். மவுஸால் இழுக்க வேண்டியதில்லை.

உபுண்டு பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். வொர்க்ஸ்பேஸை மாற்றினால் முதன்மைத் திரை மட்டும் மாறும், பக்கத்துத் திரை அப்படியே நிற்கும். இது கோளாறு இல்லை. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். டிராயிங்கைப் பக்கத்துத் திரையில் நிலையாக வைத்திருக்க இது உதவும். ரெண்டும் சேர்ந்து மாறணும் என்றால் செட்டிங்ஸில் 'மல்டிடாஸ்க்கிங்' பகுதியில் மாற்றிக்கொள்ளலாம்.

எக்ஸ்11, வேலண்ட்: இது என்ன? எதைப் பயன்படுத்தலாம்?

இணையத்தில் தேடினால் இந்த ரெண்டு பெயரும் கட்டாயம் கண்ணில் படும். ரெண்டும் திரையில் படத்தைக் கொண்டுவரும் அமைப்புகள். எக்ஸ்11 பழையது. 2008-ல் தொடங்கிய வேலண்ட் புதியது.

இது ஏன் முக்கியம் என்றால், பழைய பதிவுகளில் சொல்லும் எக்ஸ்-ராண்டர் கட்டளைகள் எக்ஸ்11-க்கானவை. வேலண்ட்டில் அவற்றால் திரையின் அமைப்பை மாற்ற முடியாது. அதைப் பார்த்து டைப் செய்துவிட்டு 'எதுவுமே ஆகல' என்று நொந்துகொள்பவர்கள் நிறைய. உபுண்டுவில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'அபவுட்' பகுதியில் எது ஓடுகிறது என்று பார்க்கலாம்.

வேலண்ட்டின் பெரிய பலன், ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக எழுத்தின் அளவை வைக்கலாம். 4கே ஒன்று, எச்டி ஒன்று என்று கலந்து வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி. சிக்கல், சில மென்பொருள்கள் முன்பு எந்தத் திரையில் இருந்தன என்பதை நினைவில் வைக்காது. ஒவ்வொரு முறையும் இழுத்து வைக்கணும்.

உபுண்டு 2021 முதல் வேலண்ட்டையே இயல்பாகக் கொண்டு வருகிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 பதிப்பில் எக்ஸ்11 தேர்வையே எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் மின்ட் சின்னமன் இன்னும் எக்ஸ்11-ஐத்தான் இயல்பாகத் தருகிறது. ஒரே மாதிரி ரெண்டு மானிட்டர், பழைய கம்ப்யூட்டர் என்றால் மின்ட் போதும். வெவ்வேறு ரெசல்யூஷன் என்றால் உபுண்டு அல்லது கேடிஇ நல்லது.

இரண்டாவது திரை வரவில்லையா? இதையெல்லாம் பாருங்கள்

திரையே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கணும். நன்றாக ஓடும் மானிட்டரின் கேபிளை வராத மானிட்டரில் மாட்டினால், பழுது மானிட்டரிலா, கேபிளிலா, போர்ட்டிலா என்று ரெண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திரை வருகிறது, ஆனால் 1024-க்கு 768-க்கு மேல் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். தன் பெயர் என்ன, என்னென்ன அளவில் படம் காட்டும் என்பதை மானிட்டர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மலிவான அல்லது பின் வளைந்த விஜிஏ கேபிளில் அந்தத் தகவல் வந்து சேராது. அப்போது லினக்ஸ் பாதுகாப்பாக ஒரு சின்ன அளவை எடுத்துக்கொள்ளும். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யாவிட்டால் காரணம் வேறு. பல லேப்டாப்புகளில் அந்த போர்ட் நேரடியாக என்விடியா கார்டுடன் இணைந்திருக்கும். சரியான டிரைவர் இல்லாவிட்டால் அது தூங்கிக்கொண்டிருக்கும். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, பரிந்துரைக்கப்படும் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யணும். பயாஸில் 'செக்யூர் பூட்' இயங்கிக்கொண்டிருந்தால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது வரும் நீலத் திரையில் அதே பாஸ்வேர்டைக் கொடுக்கணும். அதைத் தாண்டிப் போய்விட்டால் டிரைவர் இயங்காது.

லாகின் திரை மட்டும் தப்பான மானிட்டரில் வருகிறதா? நீங்கள் செய்த அமைப்பு உங்கள் கணக்குக்கு மட்டும்தான் சேரும், லாகின் திரைக்கு அது தெரியாது. வேலைக்கு இடையூறு இல்லை என்பதால் விட்டுவிடலாம்.

கரண்ட் போய் வந்த பிறகு வரிசை மாறிவிட்டால் 'டிஸ்ப்ளேஸ்' போய் மறுபடி இழுத்து வைத்தால் போதும். மானிட்டர் ரெண்டும் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்று யுபிஎஸ்ஸிலும் ஒன்று நேர் லைனிலும் இருந்தால், கரண்ட் போகும் நொடியில் அந்தத் திரையில் திறந்திருந்த விண்டோவெல்லாம் இங்கே வந்து குவியலாம். புரோகிராம் பாதியில் இருக்கும்போது அது பெரிய குழப்பம்.

மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரில் இதைச் செய்யலாமா?

பட்டறை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். மெஷினுடன் வந்த கன்ட்ரோலரைக் கையே வைக்கக் கூடாது. ஆனால் பழைய மில்லிங் மெஷினைத் தாங்களாகவே மாற்றி, 'லினக்ஸ்சிஎன்சி' என்ற இலவச மென்பொருளில் ஓட்டுபவர்கள் உண்டு.

அந்த மென்பொருளுக்கு நேரம்தான் உயிர். மோட்டாருக்குப் போகும் ஒவ்வொரு சிக்னலும் குறித்த மைக்ரோ நொடியில் போகணும். கிராஃபிக்ஸ் டிரைவர் மாறினாலோ, திரைக்கான வேலை கூடினாலோ அந்த நேரம் தள்ளாடலாம். அப்போது மோட்டார் ஸ்டெப் தவறும், அளவு தப்பும். அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டாவது மானிட்டரோ புது டிரைவரோ சேர்த்தால், அதிலேயே இருக்கும் 'லேட்டன்சி டெஸ்ட்'டை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜாப் போடணும். டிராயிங் பார்ப்பதையும் புரோகிராம் எழுதுவதையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

லினக்ஸுக்கு மாறினால் எல்லா மென்பொருளும் ஓடுமா?

ஓடாது. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், மாஸ்டர்கேம் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. டேலியும் விண்டோஸுக்கான மென்பொருள்தான். தினசரி வேலை இவற்றில்தான் என்றால், இரண்டாவது மானிட்டருக்காக லினக்ஸுக்கு மாறத் தேவையே இல்லை. விண்டோஸிலும் நீட்டிப்பு வசதி இருக்கிறது. மேலே சொன்ன போர்ட், கேபிள் கணக்கெல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

மெயில், பிடிஎஃப் டிராயிங், ஜிஎஸ்டி தளம், லிப்ரே ஆஃபீஸ் ஷீட், லிப்ரேகேட் அல்லது ஃப்ரீகேட் என்கிற அளவில் வேலை இருந்தால் பழைய கம்ப்யூட்டரும் லினக்ஸும் ரெண்டு மானிட்டரும் தாராளமாகப் போதும்.

உதவி எங்கே கிடைக்கும்?

தமிழிலேயே உதவி கிடைக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழிக் கூட்டம் நடத்துகிறது. லினக்ஸ் பற்றிய சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம். 2012-ல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழில் கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழில் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் உள்ளன. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990-களின் கடைசியிலிருந்தே இயங்கிவருகிறது.

கேட்கும்போது இந்த விவரங்களைச் சொன்னால் பதில் சீக்கிரம் வரும்: எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த பிராசசர், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த போர்ட்டிலிருந்து எந்த போர்ட்டுக்கு எந்தக் கேபிள், எக்ஸ்11-ஆ வேலண்ட்டா.

சுருக்கமாக

* ஸ்பிளிட்டர் நகல் மட்டுமே எடுக்கும். ஒரே டெஸ்க்டாப்புக்கு ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி போர்ட் வேணும்.

* போர்ட் எத்தனை என்பதோடு, ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடும் என்பதையும் பார்க்கணும்.

* தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ரெண்டு மானிட்டரும் அதிலேயே.

* வாங்கும் முன் பென் டிரைவில் லினக்ஸ் ஓட்டி, கடன் வாங்கிய மானிட்டரில் சோதிக்கலாம்.

* 'டிஸ்ப்ளேஸ்' போய் 'ஜாயின்' கொடுத்து, மேசையில் இருக்கும் வரிசையிலேயே பெட்டிகளை வைத்தால் வேலை முடிந்தது.

* மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்தால் லேட்டன்சி டெஸ்ட் முடித்த பிறகே ஜாப்.